ஆடி சீசனில் மெயில் நின்றுபோனால்

கேள்வி: இருக்கன்குடிப் பக்கம் எங்கள் ஆபீஸ். காலண்டர், டைரி ஆர்டர் பிடித்துச் சிவகாசியில் அச்சடித்துக் கொடுக்கிறோம். தீபாவளிக்குப் பட்டாசு விலைப்பட்டியலும் போடுவோம். சொந்த டொமைன் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுகிறது. ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரி ஆல்பம் வந்ததும் ஏஜெண்டுகளுக்கு மெயில் அனுப்ப ஆரம்பித்தோம். கொஞ்ச நாளில் ஜிமெயில் எங்கள் கடிதங்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. கியூவைத் திறந்தால் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான கடிதங்கள். பிளாக்லிஸ்டிலிருந்து எடுக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதிப்போட்டோம். எடுத்தார்கள், மறுநாளே திரும்ப ஏற்றிவிட்டார்கள். முதலாளி, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுரு தம்பி" என்கிறார். போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இன்றைக்கு வேண்டவே வேண்டாம். அழித்துப் போட்ட சர்வரில் நாளைக்கு அதே பாஸ்வேர்டுகளையும் அதே வெப்சைட்டையும்தான் ஏற்றப் போகிறீர்கள். ஸ்பேம் அனுப்ப உள்ளே வந்தவன் எந்த வழியாக வந்தான் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த டிஸ்கில் கிடக்கும் லாக். அதையும் அழித்துவிட்டால் அவன் பழைய வழியிலேயே திரும்பி வருவான். உங்களிடம் துப்பு மட்டும் இருக்காது.

எடுத்த மறுநாளே ஏற்றிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்வது இந்த வேலையில் கடைசிப் படி. அதை முதல் படியாக எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களே அதிகம். பிளாக்லிஸ்ட் நடத்தும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் முதல் தடவை சட்டென்று எடுத்துவிடும். காரணத்தைச் சரிசெய்யாமல் திரும்பத் திரும்பக் கேட்டால் அப்புறம் அவ்வளவு எளிதில் எடுக்க மாட்டார்கள். ஆகவே மூன்றாவது விண்ணப்பத்தை இப்போது போடாதீர்கள்.

முதலில் வெளியே போகும் கடிதங்களை மட்டும் நிறுத்துங்கள். சர்வரையே அணைத்தால் உள்ளே வரும் ஆர்டரும் நின்றுபோகும். போஸ்ட்ஃபிக்ஸில் 'டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் எஸ்.எம்.டி.பி.யைச் சேர்த்து ரீலோட் கொடுத்தால், வருவது வந்துகொண்டிருக்கும், போவது கியூவிலேயே காத்துக்கிடக்கும். சிபேனல் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஒவ்வொரு கணக்குக்கும் வெளியே போவதைத் தடுத்துவைக்கத் தனி வசதியே இருக்கிறது. ஏஜெண்டுகளுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டியதை அதுவரை போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லிவிடுங்கள்.

அடுத்து, மெயில் லாக் முழுவதையும் வேறொரு கணினிக்கு நகல் எடுங்கள். வெப் சர்வரின் லாகும் அதோடு போகட்டும். கியூவில் இருக்கும் அந்நியக் கடிதங்களில் ஒரு கைப்பிடியை 'போஸ்ட்கேட்' கட்டளையால் தலைப்பு வரிகளோடு எடுத்து வையுங்கள். கியூவைக் காலி செய்யக் கை பரபரக்கும். பொறுங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, இப்படியொரு சம்பவம் கண்ணில் பட்ட 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மெயில் சர்வர் மீதான தாக்குதல் அந்த உத்தரவின் இணைப்பில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. சின்ன நிறுவனம் என்று தப்பிக்க முடியாது. சிறு, குறு தொழில்களுக்குக் கொடுத்த கூடுதல் அவகாசம் 2022 செப்டம்பர் 25-ஓடு முடிந்துவிட்டது. 6 மணி நேரத்தில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தெரிந்த அளவை முதலில் அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு சேர்க்கலாம். இலவச எண் 1800-11-4949. யாராவது பணத்தை இழந்திருந்தால் அது வேறு கணக்கு. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

நம்மை ஏன்?

முதலாளி இந்நேரம் கேட்டிருப்பார்: "இருக்கன்குடியில் இருக்கிற நம்மளை எவனுக்குடா தெரியும்?" யாருக்கும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. அவர்களுக்குத் தேவை கெட்ட பெயர் எடுக்காத ஓர் ஐ.பி. முகவரி. அதைத் தேடுவது மனிதனில்லை, இரவு பகலாக உலகத்தின் எல்லா முகவரிகளையும் தட்டிப் பார்க்கும் புரோகிராம்.

2012-இன் முதல் காலாண்டில் உலகத்திலேயே அதிக ஸ்பேம் கிளம்பும் நாடு இந்தியா என்று சோஃபோஸ் நிறுவனம் அறிவித்தது. மொத்தத்தில் 9.3 சதவீதம்; அமெரிக்கா 8.3 சதவீதத்தோடு இரண்டாம் இடம். அந்தக் கடிதங்களை நம் ஆட்கள் உட்கார்ந்து எழுதவில்லை. புதிதாக இணையத்துக்கு வந்த லட்சக்கணக்கான கணினிகள், உடையவருக்கே தெரியாமல், வெளியாருக்குச் சம்பளமில்லாத வேலை பார்த்துக்கொண்டிருந்தன. வளரும் நாடுகளில் ஸ்பேம் என்ன செய்கிறது என்று 2005-இல் ஓ.இ.சி.டி. ஓர் அறிக்கை வெளியிட்டது. எழுதியவர் சுரேஷ் ராமசுப்பிரமணியன், அவுட்பிளேஸ் நிறுவனத்தில் ஸ்பேம் தடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர். இணைப்புக் கட்டணம் அதிகம், வேகம் குறைவு, விஷயம் தெரிந்த ஆட்களும் குறைவு. அதனால் ஸ்பேமின் சுமை ஏழை நாடுகள் மேல்தான் கூடுதலாக விழுகிறது என்றார். இன்றைக்கு இணைப்பு மலிவாகிவிட்டது. லாக் படிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது மட்டும் அன்றைக்குப் போலவே குதிரைக் கொம்பு.

இன்னொன்று. ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலில் கூட்டம் நெரியும் வாரத்தில் உங்கள் ஆபீஸில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். யாரும் பார்க்காத அப்படிப்பட்ட நாட்கள்தான் கியூ நிரம்புவதற்குத் தோதானவை.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

எடுத்து வைத்த கடிதங்களில் ஒன்றின் கியூ எண்ணை லாகில் தேடுங்கள். மூன்றில் ஏதோ ஒரு தடயம் கண்ணில் படும்.

'சாஸ்ல் யூசர்நேம்' என்று எழுதி, பக்கத்தில் உங்கள் ஊழியர் ஒருவரின் முகவரி இருந்தால், அவருடைய பாஸ்வேர்டு போய்விட்டது. இந்தக் காலத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எந்தெந்தப் பெயர் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் குற்றவாளிக் கணக்கு தனியாகத் தெரியும். நேற்றுவரை நாளுக்கு முப்பது கடிதம் அனுப்பிய கணக்கு, ராத்திரி இரண்டு மணிக்கு நாலு நாட்டு முகவரிகளிலிருந்து உள்ளே வந்து ஆயிரக்கணக்கில் அனுப்பியிருக்கும்.

அந்தக் கணக்கு மேனேஜருடையதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்புவதற்காக என்றைக்கோ ஒருவர் 'ஸ்கேன்' என்று ஒரு கணக்கு திறந்து, பாஸ்வேர்டாக அதே சொல்லோடு 123 சேர்த்துவிட்டுப் போயிருப்பார். மெஷின் பழைய இரும்புக்குப் போயிருக்கும், கணக்கு மட்டும் உயிரோடு இருக்கும். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளும் அப்படித்தான். ஆளில்லாத கணக்கு எத்தனை இருக்கிறது என்று இன்றைக்கே பட்டியல் எடுங்கள்.

பாஸ்வேர்டு கடினமானதுதான், யாரும் ஊகித்திருக்க முடியாது என்றால் கணினியைச் சந்தேகியுங்கள். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் டி.டி.பி. வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. கோரல்டிராவோ ஃபோட்டோஷாப்போ கிராக் வெர்ஷனாகத்தான் வரும். அதை ஓட்டுவதற்கு ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்துவோம். அந்த 'ஆக்டிவேட்டர்' கூடவே, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும் புரோகிராமும் உள்ளே வரலாம். அப்படி அள்ளியவன் ஸ்பேம் அனுப்புபவனாக இருக்க வேண்டும் என்றில்லை. மூட்டையாகக் கட்டி வேறொருவனுக்கு விற்றிருப்பான். அந்தக் கணினியில் உட்கார்ந்தே புதுப் பாஸ்வேர்டு வைத்தால் அதுவும் சாயங்காலத்துக்குள் போய்விடும். முதலில் அந்தக் கணினியை நெட்டிலிருந்து பிரியுங்கள், வேறொரு சுத்தமான கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதற்குப் பிறகு பழையதைச் சுத்தம் செய்யுங்கள். வரிசை மாறினால் உழைப்பு வீண்.

பாஸ்வேர்டை மாற்றியதும் ஏற்கெனவே உள்ளே இருப்பவன் வெளியேறிவிடுவான் என்று நம்பாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். மெயில் பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட்டில் அதற்கென்று 'கிக்' கட்டளை இருக்கிறது. அதோடு அந்தப் பெட்டியின் ஃபார்வர்டு விதிகளைப் பாருங்கள். நான் ஸ்பேமைவிட அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பெட்டிக்குள் புகுந்தவன் 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்று வரும் கடிதங்களின் நகல் தனக்கு வரும்படி ஒரு விதியை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தால், ஸ்பேம் நின்ற பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் டெல்லி ஏஜெண்டுக்கு உங்கள் பெயரிலேயே, உங்கள் பழைய கடிதத்துக்குக் கீழேயே, "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, அட்வான்ஸை இந்த எண்ணுக்குப் போடுங்கள்" என்று ஒரு பதில் போகும். காலண்டர் ஆர்டரின் அட்வான்ஸ் அப்படிப் போனால் திரும்பி வருவது சிரமம். கணக்கு எண் மாறினால் போனில் மட்டும்தான் சொல்வோம், மெயிலில் வந்தால் நம்பாதீர்கள் என்று எல்லா ஏஜெண்டுகளுக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்.

லாகில் ஊழியர் பெயர் இல்லாமல் 'பிக்கப்' என்ற வரியில் வெப் சர்வரின் பயனர் பெயர் இருந்தால், கடிதம் உங்கள் வெப்சைட்டிலிருந்து கிளம்புகிறது. பட்டாசுக்காரர்களுக்கு இது சொந்தச் சங்கடம். 2018 அக்டோபர் 23 அன்று ஆன்லைன் நிறுவனங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு நம் பக்கத்துத் தளங்களில் பலவற்றில் விலைப்பட்டியலும் 'என்கொயரி' படிவமும்தான் மிச்சம். தீபாவளிக்குத் தீபாவளி அவசரத்தில் புதுத் தளம் போடுவார்கள். போன வருஷத்து வேர்டுபிரஸ் அதே சர்வரில் ஒரு ஃபோல்டருக்குள் அப்படியே கிடக்கும். 2016 டிசம்பரில் பிஎச்பிமெயிலர் என்ற பிரபலமான நூலகத்தில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது, 5.2.18-க்கு முந்தைய பதிப்பு எல்லாமே ஆபத்து. கைவிடப்பட்ட பழைய தளங்களில் அந்தப் பதிப்பு இன்றைக்கும் உட்கார்ந்திருக்கலாம். எந்த ஃபைல் கடிதத்தைக் கிளப்பியது என்று தெரிய, பிஎச்பி அமைப்பில் எக்ஸ்-ஹெடர் சேர்க்கும் வசதியைத் திறந்துவிடுங்கள். கடிதத்தின் தலைப்பிலேயே ஸ்கிரிப்டின் பெயர் வந்துவிடும்.

யாரும் எதையும் உடைக்காமலேயே நடப்பதும் உண்டு. படிவத்தை நிரப்பியவருக்கு "திரு. இன்னார் அவர்களே, உங்கள் விசாரணைக்கு நன்றி" என்று தானியங்கிப் பதில் போகும்படி வைத்திருக்கிறீர்களா? 'மெயில் முகவரி' கட்டத்தில் யாரோ ஒருவரின் முகவரி, 'பெயர்' கட்டத்தில் முழு விளம்பரமும் லிங்க்கும். அவ்வளவுதான், விளம்பரத்தை உங்கள் சர்வரே மரியாதையோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தானியங்கிப் பதிலை எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் படிவத்தில் எழுதிய எதையும் திருப்பிப் போடாத ஒற்றை வரியாக வையுங்கள்.

மூன்றாவது வகையில் ஊழியர் பெயரும் இருக்காது, வெப் சர்வர் பெயரும் இருக்காது, ஓர் ஐ.பி. முகவரி மட்டும் இருக்கும். பாஸ்வேர்டு கேட்காமலே கடிதத்தை வாங்கி அனுப்பும்படி 'மைநெட்வொர்க்ஸ்' அமைப்பில் யார் யாரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். சர்வர் ஆபீஸுக்குள்ளேயே இருந்தால் மொத்த ஆபீஸ் நெட்வொர்க்கும் அதில் இருக்கும். வைரஸ் பிடித்த ஒரே ஒரு பில்லிங் கணினி போதும். அதில் 127.0.0.1 தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆபீஸுக்குள் இருப்பவரும் பாஸ்வேர்டு போட்டே அனுப்பட்டும்.

அனுபவசாலிகளும் தடுக்கி விழும் இடம் டாக்கர். மெயில் சர்வரை டாக்கருக்குள் ஓட்டினால், சில அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் இணைப்புகள் எல்லாம் 172.17.0.1 என்ற உள் முகவரியிலிருந்து வருவதாகவே சர்வருக்குத் தெரியும். அந்த வரம்பை 'நம்ம ஆள்' என்று மைநெட்வொர்க்ஸில் சேர்த்திருந்தால் கதை முடிந்தது. உலகமே உங்களுக்கு நம்ம ஆள். ஃபயர்வாலில் மாஸ்கரேட் தவறாகப் போட்டாலும் இதேதான். கடிதங்கள் எல்லாமே ஒரே உள் முகவரியிலிருந்து வந்ததாக லாக் சொன்னால், வைரஸைத் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கதவு திறந்து கிடக்கிறதா என்று சோதிப்பது சுலபம். வெளியிலுள்ள வேறொரு சர்வரிலிருந்து உங்கள் 25-ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் செய்து, உங்களுக்குச் சம்பந்தமில்லாத முகவரிக்குக் கடிதம் கொடுத்துப் பாருங்கள். 554 என்ற எண்ணோடு 'ரிலே ஆக்சஸ் டினைடு' என்று வந்தால் நல்லது. வீட்டு பிராட்பேண்டில் 25-ஆம் போர்ட் பெரும்பாலும் அடைத்திருக்கும், ஆகவே அங்கிருந்து சோதித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல், ரூட் அதிகாரமே வெளியார் கைக்குப் போயிருந்தால் மட்டும் முதலாளி சொன்னதுதான் சரி. 2019 ஜூனில் எக்ஸிம் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் வெளிப்பட்ட ஓட்டை அந்த ரகம். 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில், ஒரு முகவரியை விஷமமாக எழுதி அனுப்பியே ரூட்டாகக் கட்டளை ஓட்ட முடிந்தது. அப்படிப்பட்ட சர்வரைத் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது. நகல் எடுத்துக்கொண்டு புதிதாகக் கட்டுங்கள். கடிதங்களில் கையெழுத்திடும் டிகிம் சாவியையும் எஸ்.எஸ்.எல். சாவியையும் சேர்த்து மாற்றுங்கள்.

கியூவும் பட்டியலும்

ஓட்டை அடைபட்ட பிறகுதான் கியூ. 'எல்லாவற்றையும் அழி' என்று கொடுத்தால் ஏஜெண்டுக்குப் போக வேண்டிய கொட்டேஷனும் போய்விடும். அனுப்பியவர் பெயரை வைத்துப் பிரித்து, அந்தக் கணக்கின் கடிதங்களை மட்டும் 'போஸ்ட்சூப்பர்' கொண்டு அழியுங்கள். மெயிலர் டீமன் பெயரில் குவிந்திருக்கும் திருப்பி அனுப்பல்களையும் அழிக்கலாம். மீதியைக் கண்ணால் பார்த்துவிட்டு விடுங்கள். ஒரு மணி நேரம் காத்திருந்து, புதிதாக எதுவும் முளைக்கவில்லை என்று உறுதியானதும் தடையை எடுங்கள்.

இப்போது பட்டியல். எந்தப் பட்டியல் என்பது முக்கியம். ஸ்பாம்ஹவுஸின் 'ஜென்' பட்டியல் சொல்லும் பதில் எண்ணிலேயே காரணம் இருக்கிறது. 127.0.0.3 என்றால் ஸ்பேம் கிளம்பியதைத் தானியங்கிக் கருவி பார்த்திருக்கிறது. 127.0.0.4 என்றால் அந்த முகவரிக்குப் பின்னால் வைரஸ் பிடித்த கணினி ஒன்று இருக்கிறது. ஆபீஸும் சர்வரும் ஒரே பொது ஐ.பி.யைப் பகிர்ந்தால் சர்வரைக் குடைந்து பயனில்லை, கணினிகளைத் தேடுங்கள். 10 அல்லது 11 என்று முடிந்தால் அது குற்றச்சாட்டே இல்லை. இந்த முகவரி வீட்டு இணைப்புகளுக்கானது, இங்கிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது என்பது மட்டுமே பொருள். நிலையான ஐ.பி.யும் ரிவர்ஸ் டி.என்.எஸ்.ஸும் வாங்காமல் இது தீராது. 127.255.255.254 என்று வந்தால் நீங்கள் பட்டியலில் இருப்பதாக அர்த்தமில்லை. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்டதால் பதில் சொல்ல மறுக்கிறார்கள். இதைத் தப்பாகப் புரிந்துகொண்ட சர்வர் வருகிற கடிதம் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடும்.

ஸ்பாம்ஹவுஸில் பெயர் நீக்கக் காசு கிடையாது. ஸ்பாம்காப் தானாகவே, புகார் நின்ற 24 மணி நேரத்தில் எடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரன் செய்த தப்புக்காக உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் முகவரிகள் மொத்தத்தையும் ஏற்றிவிட்டு, சீக்கிரம் எடுக்கப் பணம் கேட்கும் யூசிஇபுரொடெக்ட் போன்ற பட்டியலும் உண்டு. அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜிமெயிலில் 'என் பெயரை எடு' என்று அழுத்தப் பொத்தானே இல்லை. போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் டொமைனைப் பதிவு செய்துகொண்டு, உங்களுக்கு வழக்கமாகப் பதில் போடுகிற ஏஜெண்டுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். பெயர் மெதுவாகத்தான் தேறும். புது ஐ.பி. வாங்கி ஓடிவிடலாம் என்றும் தோன்றும். டொமைனின் கெட்ட பெயர் கூடவே வரும், புது முகவரிக்கோ முன்கதை இல்லை. இரண்டும் சேர்ந்தால் முன்பைவிட மோசம்.

நீங்கள் வருகிற மெயிலைச் சோதிக்கப் பயன்படுத்தும் பட்டியல்களையும் ஒரு தடவை பாருங்கள். ஓ.ஆர்.டி.பி. என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதை அமைப்பிலிருந்து எடுக்காமல் விட்டவர்களுக்கு 2008 மார்ச்சில் ஒரு நாள் உலகத்தில் உள்ள எல்லா முகவரியும் ஸ்பேமர் என்று பதில் வந்தது. சோர்ப்ஸ் 2024 ஜூனில் மூடியாயிற்று. பழைய வலைப்பதிவைப் பார்த்து அமைத்த சர்வர்களில் அந்தப் பெயர் இன்னும் இருக்கும்.

இனி வராமல் இருக்க

25-ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டு கேட்பதையே நிறுத்திவிடுங்கள். அது சர்வரும் சர்வரும் பேசுகிற வழி. ஊழியர்கள் 587 அல்லது 465 வழியாக மட்டும் வரட்டும். கணக்குகள் பிரிவின் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு முதலாளி பெயரில் அனுப்ப முடியாதபடி, அனுப்புநர் முகவரியும் உள்நுழைந்த பெயரும் பொருந்தியாக வேண்டும் என்ற விதியைப் போடுங்கள். தப்பான பாஸ்வேர்டோடு தட்டும் ஐ.பி.யை அடைக்கும் ஃபெயில்டூபேன் நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு ஐ.பி.யிலிருந்தும் ஒரே ஒரு தடவை மட்டும் தட்டிவிட்டு நகரும் கும்பலுக்கு முன்னால் அது நிற்காது.

ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் அளவு வரம்பு வையுங்கள். ஒரு கணக்கு ஒரு மணிக்கு ஐம்பது, நாளுக்கு இருநூறு கடிதத்துக்கு மேல் அனுப்ப முடியாது, மீறினால் உங்கள் செல்போனுக்கு எச்சரிக்கை வரும். போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த வரம்பு ஐ.பி.யை வைத்துத்தான் எண்ணும். கணக்கை வைத்து எண்ண ஆர்ஸ்பாம்டி, பாலிசிடி மாதிரி ஒன்று வேண்டும். பாஸ்வேர்டு என்றைக்காவது மறுபடியும் போகத்தான் போகிறது. அன்றைக்குப் போவது இருநூறு கடிதமா இரண்டு லட்சமா என்பதை இந்த வரம்புதான் தீர்மானிக்கும்.

ஊழியர் எல்லோரும் இந்தியாவில்தான் என்றால் 587-ஐயும் 465-ஐயும் இந்திய முகவரிகளுக்கு மட்டும் திறந்து வைக்கலாம். முதலாளி அச்சு இயந்திரம் பார்க்க ஜெர்மனியில் நடக்கும் துருபா கண்காட்சிக்குப் போனால் ஏர்போர்ட்டிலிருந்து கோபமாகப் போன் வரும். வி.பி.என். ஒன்று அமைத்துக் கொடுத்து அனுப்புங்கள்.

லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே 2022 உத்தரவு. பல லினக்ஸ் சர்வர்களில் லாக் நான்கு வாரத்தில் தானாக அழியும்படிதான் இருக்கும். 26 வாரமாக மாற்றுங்கள், முடிந்தால் வேறொரு கணினிக்கு உடனுக்குடன் நகல் போகட்டும். கடிகாரமும் சரியாக ஓட வேண்டும். நேரம் தப்பிய லாக் விசாரணைக்கு உதவாது.

எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் போட்டால் எல்லாம் தீரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவை அவசியம். 2024 பிப்ரவரியிலிருந்து நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயில் மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் உங்களுக்கு இப்போது வந்திருக்கும் நோய்க்கு அவை மருந்தாகாது. திருடிய பாஸ்வேர்டோடு உங்கள் சர்வர் வழியாகப் போன ஸ்பேம், உங்கள் டிகிம் கையெழுத்தோடு, எல்லாச் சோதனையிலும் தேறித்தான் போயிருக்கும். வேறெங்கோ இருந்துகொண்டு உங்கள் பெயரைப் போட்டு அனுப்புகிறவனைத்தான் இந்த மூன்றும் தடுக்கும். தீபாவளி நெருங்கும்போது போலிப் பட்டாசுத் தளங்களைப் பற்றித் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவு எச்சரிக்கை விட்டிருக்கிற நிலையில், உங்கள் டொமைனுக்கு அந்தப் பாதுகாப்பும் வேண்டியதுதான். டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் படித்துவிட்டு, பிறகு இறுக்குங்கள்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். ஆல்பத்தை யார் யாருக்கு அனுப்பினீர்கள்? ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர்களுக்கா, யாரோ சி.டி.யில் விற்ற 'ஆல் இந்தியா டீலர்' பட்டியலுக்கா? பின்னது என்றால் அந்த நாட்களில் ஸ்பேமர் நீங்களும்தான். அப்படி விலைக்கு வரும் பட்டியல்களில் ஸ்பேமரைப் பிடிப்பதற்கென்றே போட்டுவைத்த பொறி முகவரிகள் கலந்திருக்கும். கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். அதையும் தனி சப்டொமைனிலிருந்து அனுப்புங்கள், ஆல்பத்தால் கெட்ட பெயர் வந்தால் பில்லும் கொட்டேஷனும் சேர்ந்து நிற்காமல் இருக்கும். 20 எம்.பி. பி.டி.எஃப்.ஐ இணைக்காமல் லிங்க் கொடுத்தால் ஏஜெண்டும் வாழ்த்துவார்.

இவ்வளவுக்கும் பிறகு சொந்த சர்வர் தேவையா என்று முதலாளி கேட்டால், தினமும் காலையில் லாகைப் பார்க்க உங்கள் ஆபீஸில் ஓர் ஆள் இருக்கிறாரா என்று திருப்பிக் கேளுங்கள். இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவிடமோ கொடுத்துவிட்டு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். சிவகாசி வட்டாரத்தின் பெரும்பாலான கடைகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மாறினால், பழைய சர்வரை வெப்சைட்டுக்காக அப்படியே விட்டுவைக்கும்போது அதிலுள்ள போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி, 25, 465, 587 மூன்றையும் ஃபயர்வாலில் மூடி, எஸ்.பி.எஃப். பதிவிலிருந்து பழைய ஐ.பி.யை எடுத்துவிடுங்கள். வெப்சைட் படிவம் புதுச் சேவையின் பாஸ்வேர்டோடு அதன் வழியாக அனுப்பட்டும். போன வருஷத்து வேர்டுபிரஸ் ஃபோல்டரை அன்றைக்கே அழித்துவிடலாம்.